வேலையைப் பார்க்குமுன் வேளையைப் பாருங்கள்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. கோவையில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் 5 வருடமாக ஏ.ஆர். காலராக இருக்கிறேன். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரிகளுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்கும் வேலை. மாலை 6.30க்கு உள்ளே போனால் அதிகாலை 3.30க்குத்தான் வெளியே. கேப் வீட்டில் இறக்கிவிடும்போது மணி நாலரை. படுத்தால் உடனே தூக்கம் வருவதில்லை. வந்தாலும் ஏழு மணிக்குக் குக்கர் சத்தத்தில் கலைந்துவிடுகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. கை கால் சில்லென்று இருக்கிறது. முட்டியில் சொடுக்குச் சத்தம். தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது. 64 கிலோ இருந்தவள் 53 ஆகிவிட்டேன். கல்லூரியில் என் பட்டப்பெயர் பூசணி. இப்போது பார்ப்பவர்களெல்லாம் 'உடம்புக்கு என்ன?' என்று கேட்கிறார்கள்.

இணையத்தில் 25 கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். 'நீங்கள் 70 சதவீதம் வாத உடம்பு' என்று வந்தது. வாத உடம்புக்காரர்கள் போன் பேசும் வேலை, கணக்கு வேலை பார்க்கக் கூடாது. ஓவியம், இசை போன்ற கலைத் தொழில்தான் பொருந்தும் என்று அதோடு ஒரு வீடியோ. எனக்குக் கோலம் போடவே நேராக வராது. அப்பாவுக்கு 63 வயது, உடுமலையில் மளிகைக் கடை. 'கடைக்கு வந்துவிடு' என்கிறார். பி.எட். முடித்திருக்கிறேன், பக்கத்துத் தனியார் பள்ளியில் கூப்பிடுகிறார்கள். இங்கேயே இருந்தால் அடுத்த வருடம் டீம் லீடர் ஆகலாம். போன மாதம் ஒரு பெரிய க்ளெய்மை, மூன்று மாதம் விடாமல் துரத்திப் பணம் வரவைத்தேன். அன்று எனக்குப் பசி, தூக்கம் எதுவுமே தெரியவில்லை. என் உடம்புக்கு எந்த வேலை பொருந்தும்? சொல்லுங்கள் ஐயா.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலையைப் பற்றிப் பேசும் முன் ஒன்று. இந்த வாரமே ஏதாவது ஒரு லேபில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றும் பார்த்துவிடுங்கள். 11 கிலோ குறைந்திருக்கிறது, முடி கொட்டுகிறது, கை கால் சில்லிடுகிறது. இதையெல்லாம் 'வாதம்' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிட நான் தயாராக இல்லை. இரத்தசோகையிலும் கை கால் இப்படித்தான் சில்லிடும். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரையும் பாருங்கள். ஆயுர்வேதக்காரனே ஆங்கில மருத்துவரிடம் அனுப்புகிறானே என்று நினைக்க வேண்டாம். எங்கள் நூல்களும் முதலில் நோயைத் தெரிந்துகொள், பிறகு மருந்தைத் தொடு என்றுதான் சொல்கின்றன.

இனி உங்கள் கேள்வி. 'எந்த வேலை பொருந்தும்' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் முழுக்கத் தேடியும் வேலையைப் பற்றி ஒரு குறைகூட எனக்குக் கிடைக்கவில்லை. நாலரைக்கு வீடு, ஏழு மணிக்கு விழிப்பு, மூன்று நாளுக்கு ஒருமுறை மலம் என்று குறைகள் எல்லாமே நேரத்தைப் பற்றியவை. வேலையைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே ஒரு இடத்தில்தான். மூன்று மாதம் துரத்தி அந்தப் பணத்தை வரவைத்த இடம். அந்த இரண்டு வரியில் உங்கள் எழுத்தே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஆக, நொந்து போயிருப்பது உங்கள் வேளை. அதற்கான தண்டனையை வேலைக்குக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

அந்த 70 சதவீதத்துக்கு வருவோம். ஆயுர்வேதத்தில் பிரகிருதி என்றும் விக்ருதி என்றும் இரண்டு சொற்கள் உண்டு. பிரகிருதி என்பது கருவிலேயே அமைந்துவிடும் உடல்வாகு. சாகும்வரை பெரிதாக மாறாது. விக்ருதி என்பது இன்றைக்கு உடம்பில் எது கெட்டிருக்கிறது என்பது. இது நேற்றுச் சாப்பிட்டதிலும் போன வாரம் தூங்காததிலும் மாறும். அந்த 25 கேள்விகள் எதைக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். தூக்கம் எப்படி, மலம் எப்படி, தோல் வறண்டிருக்கிறதா, கவலைப்படுவீர்களா என்பார்கள். ஐந்து வருடம் இரவு ஷிப்ட் பார்த்த யார் பதில் சொன்னாலும் 'வாதம்' என்றுதான் வரும். இரவு விழிப்பு உடம்பை வறட்டும், பகல் தூக்கம் பிசுபிசுப்பைக் கூட்டும் என்று ஆயுர்வேதத்தின் மூல நூலான சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் 21ஆம் அத்தியாயம் சொல்கிறது. வறட்சி, குளிர்ச்சி, சொடுக்குச் சத்தம், மலக்கட்டு, நிலைகொள்ளாத மனம் எல்லாம் வாதம் கூடியதற்கு அடையாளம். அந்தக் கேள்விகள் அளந்தது உங்கள் ஷிப்டை.

உங்களைக் காட்டிக்கொடுத்தது 'பூசணி' என்ற சொல். அசல் வாத உடம்பு கல்லூரிக் காலத்தில் பூசணி என்று பெயர் வாங்காது. அவர்களுக்கு 'குச்சி' என்றுதான் பெயர் வைப்பார்கள்.

பிரகிருதி பார்க்கச் சொல்லி யாராவது என்னிடம் வந்தால் முதல் பத்து நிமிடம் நான் கையைத் தொடுவதில்லை. 'பத்தாம் வகுப்புப் படிக்கும்போது நீங்கள் எப்படி?' என்று கேட்பேன். காலை எழுப்பினால் உடனே எழுவீர்களா, அம்மா தண்ணீர் தெளிக்க வேண்டுமா? மனப்பாடப் பாட்டு ஒரு தடவையில் வந்து மறுநாள் போய்விடுமா, பத்துத் தடவை படித்து இன்றைக்கும் நிற்கிறதா? பசித்தால் அழுவீர்களா, கத்துவீர்களா, விளையாட்டில் மறந்தே போவீர்களா? அதற்குப் பிறகுதான் கையை நீட்டச் சொல்வேன். மணிக்கட்டு எலும்பின் அகலம், நகத்தின் நிறமும் தடிப்பும், பல்வரிசை, நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த விதம். ஐந்து வருட இரவு வேலையில் சதை கரையும், முடி கொட்டும். மணிக்கட்டு எலும்பு சுருங்காது. எந்தத் திரைக்கும் உங்கள் மணிக்கட்டு தெரியாது.

உங்களைப் பார்க்காமல் நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதம் ஒரே விஷயத்தை விடாமல் பிடித்திருந்தது கபத்தின் குணம். 'விடமாட்டேன்' என்று துரத்தியது பித்தத்தின் சூடு. உங்கள் அடியில் பித்தமும் கபமும் சேர்ந்து இருக்கும் என்றுதான் என் ஊகம் போகிறது. மேலே ஐந்து வருட வாதம் மண்ணைப் போலப் படிந்திருக்கிறது. அந்த மண்ணைப் பார்த்து வாழ்க்கைத் தொழிலைத் தேர்ந்தெடுத்தால், மண் கழுவிப்போன பிறகு தவறான இடத்தில் நிற்பீர்கள்.

உடல்வாகுக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. சரகரின் விமான ஸ்தானம் 8ஆம் அத்தியாயம் இதை அழகாகச் சொல்கிறது. வாத உடம்புக்காரர் எதையும் சட்டென்று தொடங்குவார். கேட்டதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார். சீக்கிரம் பயப்படுவார், சீக்கிரம் மறப்பார். பித்த உடம்புக்காரருக்கு, நாம் 'சூட்டு உடம்பு' என்கிறோமே, பசியும் தாகமும் பொறுக்காது, வெயில் பொறுக்காது. கப உடம்புக்காரர் தொடங்கத் தாமதிப்பார், தொடங்கியதை எளிதில் விட மாட்டார். இவையெல்லாம் ஒருவர் வேலையை எப்படிச் செய்வார், எந்த இடத்தில் முதலில் உடைவார் என்பதற்கான குறிப்புகள். இவர் ஓவியர், இவர் மேனேஜர், இவர் நர்ஸ் என்று எந்தப் பழைய நூலிலும் ஒரு தொழில் பட்டியல் நான் பார்த்ததில்லை. அந்தப் பட்டியல்கள் இந்தக் காலத்துச் சரக்கு.

அந்தப் பட்டியல்களிலேயே ஒரு முரண்பாடு இருக்கிறது. ஒரு வீடியோ 'வாதத்துக்கு ஓடியாடும் கலைத் தொழில்' என்னும். இன்னொன்று 'வாதத்துக்கு ஒரே இடத்தில் அமர்ந்து செய்யும் நிதானமான தொழில்' என்னும். முதலாமவர் ஒத்ததைக் கொடுக்கிறார், இரண்டாமவர் எதிரானதைக் கொடுக்கிறார். ஆயுர்வேதத்தின் அடிப்படை விதியோ, ஒத்தது பெருக்கும், எதிரானது குறைக்கும் என்பது. முதலாமவர் சொல்வதைக் கேட்டால் மனதுக்குப் பிடிக்கும், வாதம் கூடும். இரண்டாமவர் சொல்வதைக் கேட்டால் வாதம் அடங்கும், மனம் செத்துவிடும். நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது வேறு. வேலை உங்கள் சுபாவத்துக்கு ஒத்ததாகவே இருக்கட்டும். வேளை அதற்கு எதிரானதாக இருக்கட்டும். துறுதுறுவென்று ஓடுகிறவர் ஓடும் வேலையையே செய்யலாம், ஆனால் அவருக்குச் சாப்பாடும் தூக்கமும் மணி அடித்தாற்போல நடக்க வேண்டும். சூட்டு உடம்புக்காரர் போட்டி நிறைந்த வேலையையே செய்யலாம், ஆனால் மதியச் சாப்பாட்டை ஒரு மணி தாண்டித் தள்ளக் கூடாது. கப உடம்புக்காரர் உட்கார்ந்த வேலை செய்யலாம், விடியுமுன் எழுந்து வியர்க்க நடந்துவிட்டு வந்து உட்கார வேண்டும்.

தொழிலைப் பற்றி நம் நூல்கள் பேசவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பேசிய இடம் ஒன்று உண்டு. சரக சம்ஹிதையின் சித்தி ஸ்தானம் 11ஆம் அத்தியாயத்தில் 'சதாதுரர்' என்று ஒரு சொல் வருகிறது. எந்நேரமும் நோயாளியாகவே இருப்பவர்கள் என்று அர்த்தம். யார் யார் என்று கேட்டால் நான்கு தொழில்களைச் சொல்கிறார்: வேதம் ஓதுபவர், அரசனிடம் சேவகம் செய்பவர், கணிகையர், வியாபாரி. ஏன் என்பதையும் தனித்தனியாகச் சொல்கிறார். ஓதுபவருக்குப் படிப்பும் விரதமும் சடங்குமே சரியாகிப் போகிறது, உடம்புக்கு நல்லதைச் செய்ய நேரமில்லை. சேவகர் அரசன் மனம் கோணாமல் நடக்க வேண்டும், அடுத்தவர் சொல்படி ஆட வேண்டும், எப்போதும் யோசனை, எப்போதும் பயம். கணிகையருக்குப் பிறர் மனம்போல நடப்பதும் அலங்காரமுமே பொழுது. வியாபாரி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுவதில்லை, விற்பதிலும் வாங்குவதிலும் ஆசை விடுவதில்லை. பிறகு நால்வருக்கும் பொதுவாகச் சொல்கிறார்: வந்த வேகத்தை அடக்குகிறார்கள், காலத்தில் சாப்பிடுவதில்லை. இப்படி வேளை தவறி மலம் கழித்து, வேளை தவறி நடமாடுகிற மற்றவர்களும் சதாதுரர்களே என்று முடிக்கிறார்.

வேகம் என்றால் சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, கண்ணீர் போன்றவை. அடக்கக் கூடாதவை 13 என்று சரகர் கணக்கு. நம் சித்தர் மரபில் 14. உங்கள் ஹெட்செட்டைக் கழற்றாமல், 'இந்தக் கால் முடியட்டும்' என்று சிறுநீரை எத்தனை தடவை அடக்கியிருப்பீர்கள்? எதிர்முனையில் ஹோல்டு மியூசிக் ஓடிக்கொண்டிருக்க, முக்கால் மணி நேரம் எழ முடியாமல் இருந்ததாகப் பல பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அரச சேவகருக்குச் சொன்னது அப்படியே உங்களுக்குப் பொருந்துகிறது. அந்தப் பட்டியலில் வாத உடம்பு, பித்த உடம்பு என்ற பேச்சே இல்லை என்பதையும் கவனியுங்கள். எந்த உடம்பாக இருந்தாலும் இந்த வேளைக்கேட்டில் விழும்.

அப்பா கடையைப் பற்றி முடிவெடுக்கும் முன்பும் இதை யோசிக்க வேண்டும். பல வருடமாக என்னிடம் வரும் ஒரு மளிகைக் கடைக்காரர், மூலத்துக்கு வைத்தியம். ஒருநாள் அவர் கடைப்பக்கம் போனபோது மணி நாலு. அப்போதுதான் கல்லாவுக்குப் பின்னால் டிபன் கேரியரைத் திறந்தார். காலையில் கட்டிக்கொடுத்த சாதம் கட்டியாகியிருந்தது. குழம்பில் எண்ணெய் மேலே தனியாக நின்றது. இரண்டு வாய் வைத்திருப்பார், ஒரு பெண்பிள்ளை வந்து 'கால் கிலோ துவரம்பருப்பு' என்றாள். கையைக் கழுவிவிட்டு எடை போட்டார். திரும்பி உட்கார்ந்தார். அடுத்த ஆள். நான் அங்கே நின்ற இருபது நிமிடத்தில் நாலு முறை கை கழுவினார், சாப்பாடு பாதிகூட முடியவில்லை. நான் கொடுத்த கஷாயம் எந்த மூலத்தைக் குணப்படுத்தும்? அன்றைக்குத்தான் அவரிடம் கடிந்து சொன்னேன், மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ஷட்டரைப் பாதி இறக்குங்கள் என்று. வாடிக்கை போய்விடும் என்றார். ஒரு மாதம் செய்து பாருங்கள் என்றேன். வாடிக்கை போகவில்லை, மூன்று மணிக்கு மேல் வந்தார்கள். அவருக்கு மூலமும் பாதி அடங்கியது.

இன்னொருவர் பவுண்டரியில் உலைப் பக்கம் சூப்பர்வைசர். அசல் சூட்டு உடம்பு. சிவந்த மேனி, முப்பது வயதிலேயே நரை, கோபம் மூக்கு நுனியில். புளியேப்பம், கண்ணெரிச்சல், வாய்ப்புண் என்று வந்தார். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டார். இருபது வருட அனுபவத்தை எங்கே கொண்டு போவீர்கள் என்று கேட்டேன். அதே கம்பெனியில், வார்ப்புக்கான மாதிரி செய்யும் பேட்டர்ன் ஷாப்புக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதே தொழில், அதே சம்பளம், உலை மட்டும் இல்லை. வேலை மாற்றம் என்பது பல நேரம் அதே கூரைக்குக் கீழே நாற்பதடி தள்ளி இருக்கிறது.

உடல்வாகை வைத்துத் தொழிலை ஒதுக்குவதில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பிரகிருதி கருவில் அமைவது என்றால், 'இந்தப் பிரகிருதிக்கு இந்த வேலை' என்பது பிறப்பை வைத்து வேலையைத் தீர்மானிப்பதுதானே? அப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் திட்டம் 1953இல் வந்தபோது கொதித்தெழுந்து, அடுத்த வருடமே அதைக் கைவிட வைத்த நாடு இது. என்னிடம் ஒரு நிறுவனத்தார் வந்து, இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நாடி பார்த்து யாரை எடுக்கலாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று அனுப்பிவிட்டேன். பிரகிருதி உங்களைக் காப்பாற்ற உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். உங்களைத் தள்ளிவிட இன்னொருவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல.

சரகர் ஒருவரை எடைபோடப் பத்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார். பிரகிருதி அதில் ஒன்று. உழைக்கும் சக்தி, செரிக்கும் சக்தி, மனத்தின் உறுதி, வயது, எதற்குப் பழகியிருக்கிறோம் என்பதெல்லாம் மீதியில் வரும். உழைக்கும் சக்தியை எப்படி அறிவது என்றால், வேலை செய்யவிட்டுப் பார்த்து அறி என்கிறார். கேள்வித்தாள் கொடுக்கச் சொல்லவில்லை. நீங்கள் ஐந்து வருடம் செய்து காட்டிவிட்டீர்கள். இவ்வளவு கெட்ட வேளையிலும் மூன்று மாதம் ஒரு க்ளெய்மைத் துரத்தும் மனம் இருக்கிறது. அது சாதாரணம் இல்லை.

உங்கள் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். ஆசிரியர் வேலை உங்களுக்கு வரும் என்றுதான் நினைக்கிறேன். பகல் நேரம், மணி அடித்து நடக்கும் நாள். ஆனால் சேரும் முன் ஒரு நாள் அந்தப் பள்ளிக்குப் போய், ஆசிரியைகளுக்குக் கழிப்பறை எங்கே, இரண்டு பீரியடுக்கு நடுவில் போய்வர விடுகிறார்களா என்று பாருங்கள். சிறுநீர்த் தாரையில் எரிச்சல் என்று வருகிறவர்களில் ஆசிரியைகள் என்னிடம் நிறைய. சம்பளத்தை விசாரிப்பது போலவே இதையும் விசாரிக்க வேண்டும்.

கடையை நான் ஒதுக்க மாட்டேன். சதாதுரர் பட்டியலில் வியாபாரி இருந்தாலும், அரச சேவகருக்கு இல்லாத ஒன்று வியாபாரிக்கு உண்டு. ஷட்டர் அவர் கையில். எப்போது திறப்பது, எப்போது சாப்பிடுவது என்று நீங்கள் முடிவு செய்யலாம், அப்பா விட்டுக்கொடுத்தால். 63 வயதில் அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாருங்கள். நீங்கள் போவதாக இருந்தால், முதலில் அந்த வேளையை மாற்றுவதாக அவரிடம் பேசி வைத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் உடுமலையில் இன்னொரு ஷிப்டுக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆனால் மூன்றையும்விட, நீங்கள் எழுதாத நான்காவது வழிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் துறையிலேயே பகல் வேலைகள் உண்டு. இன்சூரன்ஸ்காரரோடு பேசும் வேலைக்குத்தான் அமெரிக்க நேரம் தேவை. சிகிச்சைக் கட்டணத்தைப் பதியும் சார்ஜ் என்ட்ரி, வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றும் பேமெண்ட் போஸ்டிங், நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் மெடிக்கல் கோடிங் எல்லாம் பெரும்பாலும் பகலில் நடக்கின்றன. கோடிங்குக்கு ஒரு சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டியிருக்கும். ஐந்து வருடம் ஏன் ஒரு க்ளெய்ம் மறுக்கப்படுகிறது என்று பார்த்த கண்ணுக்கு, தப்பாகப் போட்ட குறியீடு எங்கே என்று தெரியாதா? நைட் ஷிப்ட் அலவன்ஸ் போகும், கையில் வருவது குறையும். வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மருந்துக்கும் முடி எண்ணெய்க்கும் இப்போது செலவாவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டீம் லீடர் பதவி இரவு ஷிப்டிலேயே என்றால், இந்த உடம்போடு அதை இப்போது ஏற்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அவசரமாக ராஜினாமா எழுதாதீர்கள். கெட்ட பழக்கமே ஆனாலும் பழகிப்போனதை ஒரேயடியாக வெட்டக் கூடாது, கால் கால் பங்காகக் குறைத்து நல்லதை அதே அளவில் ஏற்று என்பது சரகர் சொன்ன முறை. சூத்திர ஸ்தானம் 7ஆம் அத்தியாயத்தில் வருகிறது. முதலில் பகல் ஷிப்டுக்கு மூன்று மாதம் மாற்றிக் கேளுங்கள். டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமென்றால் ரிப்போர்ட்டோடு வாருங்கள், தருகிறேன். மூன்று மாதம் இரவில் தூங்கிய உடம்பு சொல்லும், எந்த வேலை பிடிக்கிறது என்று. இப்போது பதில் சொல்வது களைப்பு.

ஷிப்ட் மாறும்வரை சிலவற்றைச் செய்யுங்கள். இரவு விழித்தவர், விழித்த நேரத்தில் பாதியைக் காலையில் சாப்பிடாமல் தூங்கி ஈடுகட்ட வேண்டும் என்று அஷ்டாங்க ஹிருதயம் சூத்திர ஸ்தானம் 7ஆம் அத்தியாயத்தில் வாக்படர் சொல்கிறார். என்றைக்கோ ஒருநாள் விழித்தவருக்கு அந்தப் பாதி போதும். தினமும் விழிக்கிற உங்களுக்குப் போதாது. ஆனால் 'சாப்பிடாமல்' என்பதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். நாலரைக்கு வந்ததும் தட்டு நிறையச் சாப்பிட்டுப் படுக்க வேண்டாம். பசி தாங்காவிட்டால் ஒரு டம்ளர் சூடான பால் அல்லது கஞ்சி. உள்ளங்காலில் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் தேய்த்து, ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டு, ஐந்து மணிக்குள் படுத்துவிடுங்கள். ஏழு மணிக் குக்கரை வீட்டாரிடம் பேசித்தான் தீர்க்க வேண்டும். இரவு வேலை பார்ப்பவருக்குக் காலை ஏழு மணி என்பது நடுராத்திரி. உங்கள் வீட்டில் யாரும் நடுராத்திரியில் குக்கர் வைக்க மாட்டார்கள் இல்லையா? பதினொன்றுவரை தூங்குங்கள். பிறகு மாலையில் கிளம்பும் முன் ஒரு மணி நேரம்.

முக்கியச் சாப்பாடு பகல் பன்னிரண்டரை மணிக்கு, சூடாக, நெய் ஒரு ஸ்பூன் விட்டு. இரவு சாப்பாடு ஒன்பது மணிக்குள், வீட்டிலிருந்து கொண்டுபோனது. நள்ளிரவுக்கு மேல் கேன்டீன் பஃப்ஸும் டீயும் வேண்டாம்; பிளாஸ்கில் சுடுதண்ணீர், தேவையானால் இரண்டு பேரீச்சம்பழம். மணிக்கொருமுறை எழுந்து கழிப்பறை போய் வாருங்கள். போன் கால் கணக்கு குறையும் என்று யாராவது சொன்னால், டாக்டர் சொன்னார் என்று என்னைச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது. மலக்கட்டுக்குக் கடையில் சூரணம் வாங்கிச் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள். சூடான சாப்பாடும் தூக்கமும் சரியானால் பாதி தானே சரியாகும், மீதிக்கு மருந்து நேரில் பார்த்துத்தான்.

இதையெல்லாம் செய்தால் இரவு ஷிப்டிலேயே பத்து வருடம் ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவு ஷிப்ட் வேலையை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படுபவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அங்கேயே வைத்திருக்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பகலுக்கு மாறக் கேட்பதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ரிப்போர்ட் வந்ததும் எடுத்துக்கொண்டு ஒருநாள் காலையில் வாருங்கள், வெறும் வயிற்றில். வரும்போது அம்மாவையும் கூட்டி வாருங்கள். ஐந்து வயதில் நீங்கள் எப்படித் தூங்கினீர்கள், பசித்தால் என்ன செய்தீர்கள் என்று நான் அவரிடம்தான் கேட்க வேண்டும்.